மலை இடது பக்கம்

“வக்கீலுக்கே ஹோம்வொர்க்கா?” என்றான் கோபி.

மேசைக்கு அடியில் உண்ணாமலை அவன் காலை மிதித்தாள். கட்சிக்காரர் அழுது முடித்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திருவண்ணாமலையில் பதினோரு வருடமாகத் துப்பறிந்து, ஓடிப்போன மாப்பிள்ளை முதல் காணாமல் போன பத்திரம் வரை எத்தனையோ கண்டுபிடித்தவள்தான் அவள். தன் உதவியாளன் வாய்க்கு ஒரு பூட்டை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் இருந்தது அந்த வீடு. எதிரே உட்கார்ந்திருந்த ஆர்த்திக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில். வக்கீலானது அமெரிக்காவில், மேற்குக் கரை மாநிலம் ஒன்றில். அப்பா பலராமனுக்கு மறதி நோய் முற்றுகிறது என்று தெரிந்ததும் இரண்டு வருடத்துக்கு முன் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேலையை மட்டும் விடவில்லை. அங்கே உள்ளவர்களின் விசா வழக்குகளுக்கு இங்கிருந்தே மனு எழுதி அனுப்புகிறாள்.

“ஹோம்வொர்க்தான்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒப்புக்கொண்டாள் ஆர்த்தி. “அங்க ஒரு தடவ வக்கீலாயிட்டா போதாது. ரெண்டு வருஷத்துக்குள்ள இருபத்தஞ்சு மணி நேரம் மறுபடியும் க்ளாஸ்ல உக்காரணும். அதுல நாலு மணி நேரம் தொழில் நேர்மை. முடிக்கலன்னா லைசென்ஸ் போயிடும்.”

“நாலு மணி நேரத்துல நேர்மை வந்துடுமா? பரவால்லயே, இட்லி மாவு பொங்கவே எட்டு மணி நேரம் ஆவுது.”

இரண்டாவது மிதி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

உண்ணாமலை கடிதத்தைப் படித்தாள். ஆங்கிலக் கடிதம் அவளுக்குப் புதிதல்ல. துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கோர்ட் வாசலில் டைப்ரைட்டர் வைத்துப் பிரமாண வாக்குமூலங்கள் அடித்துக் கொடுத்தவள். எந்தப் பத்தி பொய் என்று விரல் நுனியே சொல்லிவிடும் என்பாள்.

கடிதம் அந்த மாநில வக்கீல் சங்கத்திலிருந்து வந்திருந்தது. போன சித்ரா பௌர்ணமி அன்று, நம் நேரப்படி காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை ஆன்லைனில் நேர்மை வகுப்பு. ஆர்த்திக்கு மிச்சமிருந்த நான்கு மணி நேரம் அதுதான், கெடு முடியும் முன் கடைசி வகுப்பும் அதுதான். அரை மணிக்கு ஒருமுறை திரையில் சம்பந்தமே இல்லாமல் ஒரு வார்த்தை முளைக்கும். ஒட்டகம், குடை, பூசணிக்காய், இப்படி. அதை உடனே தட்டிவிட வேண்டும். தட்டினால் ஆள் தூங்கவில்லை என்று கணக்கு.

ஆர்த்தியின் பெயரில் எட்டு வார்த்தைகளும் சரியாக விழுந்திருந்தன. முழு நேரமும் நானே கவனித்தேன் என்று உறுதிமொழியும் கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்று காலை 8.01க்கு அவள் கிரிவலப் பாதையில் நடக்கும் படம் ஒன்று தங்கள் கவனத்துக்கு வந்திருப்பதாகச் சங்கம் எழுதியிருந்தது. அவளுக்குப் பதிலாக வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் உண்மையைச் சொல்லி அவர் பெயரைத் தர வேண்டும். தந்தால் வகுப்பை மறுபடி முடிக்கத் தொண்ணூறு நாள் கிடைக்கும். அந்த ஆள் சட்டத் துறைக்காரராக இருந்தால் அவருடைய நாட்டு பார் கவுன்சிலுக்கும் தகவல் போகும். பதில் வராவிட்டால் உரிமம் ரத்து.

“பதில் எப்ப குடுக்கணும்?”

“அங்க இன்னிக்குத் தேதி மாறுறதுக்குள்ள. நமக்கு மதியம் பன்னெண்டரை.”

சுவர்க் கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது.

“லெட்டர் எப்ப வந்துச்சு?”

“மூணு வாரம் ஆச்சு.”

“வாய்தா வாங்குற வியாதி நம்ம ஊரோட நிக்கும்னு நெனச்சேன்” என்றான் கோபி.

ஆர்த்திக்கு அதையெல்லாம் ரசிக்கும் நிலை இல்லை. “இந்த லைசென்ஸ் இருக்கறதாலதான் அப்பா பக்கத்துல உக்காந்து வேல செய்யறேன். இந்தியாவுல வாதாட எனக்கு உரிமம் கெடையாது. இதுவும் போச்சுன்னா நான் எங்க போயி வேல தேடறது, அப்பாவ யார்கிட்ட விடறது? யாரோ எனக்கு ஆகாதவங்க இந்தப் படத்த அனுப்பியிருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிங்க. படம் வேற நாளு எடுத்ததுன்னு அவங்க கையாலயே எழுதி வாங்கணும்.”

“வேற நாளா?”

“நான் இதே நாற்காலில நாலு மணி நேரம் உக்காந்திருந்தேன் மேடம். மாசா மாசம் மெயின்டனன்ஸ்னு கரண்ட நிறுத்துவாங்கல்ல, அப்படி ஒரு நாளு காத்தாட நடக்கப் போயிருப்பேன். அப்ப எடுத்திருப்பாங்க.”

உண்ணாமலை படத்தைப் பார்த்தாள். பிறகு வார்த்தைகள் விழுந்த நேரப் பட்டியலைப் பார்த்தாள். திரையில் வார்த்தை வந்து எத்தனை விநாடியில் தட்டப்பட்டது என்றுகூட அதில் இருந்தது. முதல் இரண்டுக்கும் அரை நிமிடத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது. மீதி ஆறும் மூன்று, நான்கு விநாடியில் விழுந்திருந்தன.

“வீட்ல வேற யாரு இருக்கா?”

“அப்பா உள்ள தூங்கறாரு. மாடில சினேகா. கீழ்பென்னாத்தூர் பொண்ணு, வாடகைக்கு இருக்கா. சட்டம் படிச்சு முடிச்சிட்டா. வர்ற புதன்கிழமை சென்னைல வக்கீலா பதிவு பண்றா. அவங்க குடும்பத்துலயே மொத வக்கீல்.” அதைச் சொல்லும்போது மட்டும் ஆர்த்தியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “என்னப் பாத்துத்தான் படிச்சேன்னு சொல்லுவா.”

உண்ணாமலை எழுந்துகொண்டாள்.

கோபியின் ஸ்கூட்டர் ஈசான்ய லிங்கத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதையில் திரும்பியது. பௌர்ணமி இல்லாத நாள். பாதையில் காவி கட்டிய நாலைந்து சாமியார்களும் அவர்களைவிட நிம்மதியாகப் படுத்திருந்த நாய்களும்தான் இருந்தார்கள்.

“கோபி, மலை எந்தப் பக்கம் இருக்கு?”

“இன்னா மேடம், காலைல டிபன் சாப்புடலயா? இதோ, இடது பக்கம்.”

“கிரிவலம் போறவங்களுக்கு?”

“வலது பக்கம். பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“வண்டிய ஓரம் கட்டு. படத்துல பாரு.”

கோபி படத்தை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

“ரோடு பூரா ஜனம். எல்லாரும் முதுகக் காட்றாங்க. இந்தம்மா ஒருத்தங்கதான் மூஞ்சியக் காட்றாங்க. மலை இவங்களுக்கு இடது பக்கம்” என்றான் கடைசியில். “அத்தினி லட்சம் பேருக்கு எதிர்ல வராங்க மேடம்.”

“எங்கேர்ந்து?”

“வேங்கிக்கால்லேர்ந்து. நாம இப்ப வர்ற வழிதான்.”

“காலப் பாரு.”

“ஒரு கால்ல நீலச் செருப்பு, இன்னொரு கால்ல பாத்ரூம் செருப்பு. கிரிவலத்துக்குச் செருப்பே போட மாட்டாங்களே?”

“கதவத் தொறந்ததும் கண்ணுல பட்டத மாட்டிக்கிட்டு ஓடியிருக்கா. அவ சாமி கும்புடப் போவல, எதையோ தேடிப் போயிருக்கா. இவ்வளவு கூட்டம்னா அது பௌர்ணமிதான். பௌர்ணமி அன்னிக்கு எந்த ஈபி-காரன் இந்த ஊர்ல கரண்ட நிறுத்துவான்? ஊரே அவன மலைய சுத்தித் தொரத்தாது?”

“அப்ப நம்ம கட்சிக்காரம்மா நம்மகிட்டயே பொய் சொல்லியிருக்காங்க.” கோபி வண்டியை உதைத்தான். “நேர்மைல எட்டுக்கு எட்டு வாங்கினவங்களாச்சே.”

படத்தின் ஓரத்தில் கம்பத்தில் கட்டிய இரண்டு புனல் ஸ்பீக்கர்களும், அவற்றின் மேல் பெயின்டில் எழுதிய பெயரின் பாதியும் தெரிந்தன. அடி அண்ணாமலையில் முதல் டீக்கடையிலேயே மீதிப் பாதி கிடைத்துவிட்டது. மாறன் ஆடியோஸ்.

கடை திறக்கப் பத்தரை மணி ஆனது. மாறனுக்கு முப்பது வயது இருக்கும். கடை முழுக்க ஒயரும் ஸ்பீக்கருமாக நடுவில் உட்கார்ந்து, எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம் அவன் மைக் செட்தான். படத்தை நீட்டியதும் அவன் முகம் முழுக்கச் சிரிப்பானது.

“அட, நம்ம அமெரிக்கா வக்கீலம்மா! எப்டி இருக்காங்கக்கா? பெரியவரு சௌக்கியமா?”

உண்ணாமலையும் கோபியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரியைத் தேடி வந்த இடத்தில் நலம் விசாரிக்கிறார்கள்.

“இத எடுத்தது நீதானா தம்பி?”

“நான்தான்க்கா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்க ஒரு பந்தல் போட்டு மைக் வெச்சிடுவேன். சேவைதான். ஒரு பௌர்ணமிக்கு நாப்பது அம்பது பேரு தொலைஞ்சி போவாங்க. கொழந்த, பாட்டி, பொண்டாட்டி. பொண்டாட்டிய மட்டும் சில பேரு மெதுவாத்தான் தேடுவாங்க.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். “அன்னிக்குக் காலைல ஒரு பெரியவரு வந்து பந்தல்ல உக்காந்துக்கினாரு. இதான் எங்க ஊரு, எங்க வீடு எங்கன்றாரு. பேரு இன்னா ஐயான்னு கேட்டா தெரியல. ஊர்ல இருக்கறவங்க யாரையும் தெரியல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. ‘எம்பொண்ணு ஆர்த்தி, அமெரிக்காவுல வக்கீலு.’ அத மட்டும் ஒரு இருவது வாட்டி சொன்னாரு.”

“அப்புறம்?”

“அதையே மைக்ல சொன்னேன். ஆர்த்தின்ற அமெரிக்கா வக்கீலு எங்கிருந்தாலும் வரவும், உங்க அப்பா பத்திரமா இருக்காரு. சொல்லி வாய மூடல, எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஜனத்த இடிச்சித் தள்ளிக்கினு இந்தம்மா ஓடியாந்தாங்க. அப்ப எடுத்ததுதான் இது. அடுத்த போட்டோல பாருங்க.”

போனை நீட்டினான். அதில் ஆர்த்தி ரோட்டிலேயே மண்டி போட்டு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். பலராமன் அவள் தலையைத் தடவிக்கொண்டு, யாரோ பாவம் இந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்பதுபோல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபி போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“இத யாருக்கு அனுப்பின தம்பி?” என்று கேட்டாள் உண்ணாமலை.

“நான் ஏங்க்கா ஒருத்தருக்கு அனுப்பறேன்? ஊருக்கே போட்டேன்! தொலைஞ்சவங்க கெடைச்சா போடறதுக்குன்னு முகநூல்ல ஒரு பக்கம் வெச்சிருக்கேன். டேட்டு, டைமு எல்லாம் கரெக்ட்டா போடுவேன். இதுக்குத்தான் லைக்கு ஜாஸ்தி. அந்தம்மா பேரக் கேட்டு இங்கிலீஷ்லயும் முழுசா போட்டேன். அவங்க ஆபீஸ்காரங்க யாராச்சும் தேடினா கண்ணுல படட்டுமே, அவங்களுக்கும் ஒரு பெருமதானே?”

கோபி அங்கேயே தன் போனில் ஆர்த்தி பலராமன் என்று ஆங்கிலத்தில் தட்டினான். மூன்றாவதாக வந்து நின்றது மாறன் ஆடியோஸ்.

சங்கத்தில் யாரோ ஒரு குமாஸ்தா வழக்கமான தணிக்கைக்காக இதே பெயரைத் தட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். புகார் கொடுத்தவனும் இல்லை, போட்டுக் கொடுத்தவனும் இல்லை. துப்பறிகிறவளுக்கு வில்லன் இல்லாத வழக்கைப்போல ஒரு கேடு வேறு கிடையாது. யாரை மிரட்டுவது, யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் உண்ணாமலை கொஞ்ச நேரம் அந்த ஒயர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எதுனா தப்பாப் போச்சாக்கா? வேணும்னா எடுத்துடறேன்” என்றான் மாறன்.

“இல்ல தம்பி. நீ நல்லதுதான் பண்ணியிருக்க.”

திரும்பி வரும் வழியில் கோபிதான் பேச்சைத் தொடங்கினான். “மேடம், அந்த ஆறு வார்த்த. மூணு செகண்ட்ல தட்டியிருக்காங்களே, அத நெனச்சிப் பாத்தேன். சொந்தக் க்ளாச யாரும் அப்படி உசுரக் குடுத்துக் கேக்க மாட்டாங்க. நான் மூணு அரியர் வெச்சிட்டு லா காலேஜ விட்டு ஓடியாந்தவன். எம்பேர்ல இருந்த க்ளாஸ்ல தூங்கினேன். ஃப்ரெண்டுக்காக ப்ராக்ஸி குடுக்க உக்காந்தா மட்டும் காது ரெண்டும் நட்டுக்கும். மாட்டிக்கினா அவன் பொழப்பு போயிடுமே.”

“தெரியும்” என்றாள் உண்ணாமலை. காலையிலேயே தெரியும். தெரியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு வேங்கிக்கால் வந்துவிட்டார்கள். உண்ணாமலை படத்தை மேசைமேல் வைத்தாள். மாறன் சொன்னதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆர்த்தி மறுக்கவில்லை.

“ஆறே முக்காலுக்குக் காபி எடுத்துட்டுப் போனேன். கதவு தெறந்திருந்துச்சு. அப்பாவ காணோம். பௌர்ணமிக் கூட்டம் மேடம். அவருக்கு அவரு பேரே தெரியாது. க்ளாஸ் நெனப்பெல்லாம் எங்க இருக்கும்? நான் தட்டினது ரெண்டே வார்த்த.”

“மீதி ஆறு?”

“அப்பாவ கூட்டிட்டு வீட்டுக்கு வரப்போ பத்தரை ஆயிடுச்சு. திரைல பாராட்டுகள், நாலு மணி நேரம் வரவு வெக்கப்பட்டதுன்னு இருந்துச்சு. ஏதோ சிஸ்டம் தப்பா குடுத்திருக்குன்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இல்ல, அப்படி நெனைக்க ஆசப்பட்டேன். கேட்டா போயிடுமோன்னு யார்கிட்டயும் கேக்கல. உறுதிமொழில கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. அதுக்கு என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா யாரு தட்டினாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

இந்தத் தடவை உண்மை. உண்ணாமலையின் விரல் நுனி சொன்னது.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. சினேகா. எண்ணெய் வழிய வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த கறுப்புக் கோட்டு.

“அக்கா, டெய்லர் குடுத்துட்டான்! தோள்பட்ட கொஞ்சம் லூசா இருக்கு, பரவால்ல.” வேற்று ஆட்களைப் பார்த்ததும் நின்றாள். “சாரிக்கா, கிளையன்ட்டா?”

“தெரிஞ்சவங்கதான்” என்றாள் உண்ணாமலை, ஆர்த்தி வாயைத் திறக்குமுன். “அன்னிக்குப் பெரியவரு காணாமப் போன கதையப் பேசிட்டிருந்தோம். நீயும் தேடப் போனியாம்மா?”

“போறேன்னுதான் சொன்னேன் ஆன்ட்டி. அப்பா திரும்பி வந்தா வீட்ல ஆள் வேணும், நீ இருன்னுட்டு அக்கா அழுதுகிட்டே ஓடிட்டாங்க. இங்க லேப்டாப்புல க்ளாஸ் பாட்டுக்கு ஓடுது. திடீர்னு ஒரு வார்த்த வந்து, இத டைப் பண்ணுன்னுது. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. ரெண்டு வருஷமா அக்கா இந்தக் க்ளாசுக்குத்தான் அலைஞ்சாங்க, அன்னிக்குத்தான் கடைசின்னு எனக்குத் தெரியும். அப்படியே உக்காந்துட்டேன்.” சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. “ஆறு வார்த்த. ஆறும் கரெக்ட்டு.”

ஆர்த்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா தேங்க்ஸ் சொல்லுவீங்க, எனக்குக் கூச்சமா இருக்கும். எத்தினி நாளு எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க, இதுகூடப் பண்ண மாட்டனா? எங்க காலேஜ்ல ஒருத்தி லீவுன்னா இன்னொருத்தி பாத்துக்குவோம்கா.” பிறகு நினைவு வந்தவளாகச் சேர்த்துக்கொண்டாள். “நல்ல க்ளாசுக்கா அது. கட்சிக்காரரு ரகசியம், கோர்ட்டுக்கு உண்மை, எல்லாம் அழகா சொன்னாங்க. உங்களுக்கு வேணும்னு பதினாலு பக்கம் நோட்ஸ்கூட எடுத்து வெச்சிருக்கேன்.”

அந்த வீட்டில் நேர்மை வகுப்பை முழுசாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே பலராமன் கூப்பிடும் குரல் கேட்டது. “ஐயா எழுந்துட்டாரு, சாப்பாடு போட்டுட்டு வரேன்” என்று கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு சினேகா ஓடினாள்.

ஆர்த்தி லேப்டாப்பைத் திறந்தாள். பதில் படிவம். நடந்தது என்ன என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். அப்பா, கூட்டம், கையெழுத்து, தன் மௌனம். வேகமாகத்தான் எழுதினாள். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது. உங்களுக்குப் பதிலாக வார்த்தைகளைத் தட்டியவரின் முழுப்பெயர்.

காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது. பெயர் கட்டாயம்.

“நானேதான் தட்டினேன்னு போட்டுட்டா?” என்றாள்.

“8.00க்கு ஒரு வார்த்த விழுந்திருக்கு. 8.01க்கு நீங்க அடி அண்ணாமலைல இருக்கீங்க” என்றாள் உண்ணாமலை. சொல்லும்போதே தன்மேல் எரிச்சலாக வந்தது. “அந்தப் படம் பழிய ஏத்துக்கறதுக்கும் உங்கள விடாது.”

“அவ பேரப் போட்டா எனக்குத் தொண்ணூறு நாள் கெடைக்கும். மறுபடி க்ளாஸ் முடிச்சா லைசென்ஸ் நிக்கும். தகவல் இங்க பார் கவுன்சிலுக்குப் போவும். புதன்கிழமை அவ பேரக் கூப்பிட மாட்டாங்க. அப்புறம் விசாரண, அதுக்கப்புறம் எப்பவோ.”

“அவகிட்ட சொல்லிப் பாக்கலாமா?”

“சொன்னா அவளே வந்து அவ பேர அடிச்சிடுவா. அதனாலதான் சொல்லக் கூடாது.”

பன்னிரண்டு பதினேழு.

“என் பேரப் போடுங்க” என்றான் கோபி.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றேன். நான் எந்த கவுன்சில்லயும் இல்ல, இனிமே வரப்போறதும் இல்ல. எம்மேல நடவடிக்க எடுக்கணும்னா அந்த மூணு அரியர் மேலதான் எடுக்கணும். ப்ராக்ஸிக்கு ஒரு ப்ராக்ஸி. மேடம் வெளில சொல்ல மாட்டாங்க.”

உண்ணாமலை வாயைத் திறந்தாள். கூடாது என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் இருபத்திரண்டு வருடம் எத்தனை பொய்ப் பிரமாணத்தைக் கை கூசாமல் அடித்துக் கொடுத்திருக்கிறோம், இது ஒன்று நல்ல பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனது சொன்னது. அப்படிச் சொல்லும் மனதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

ஆர்த்தி கோபியின் பெயரை அடித்தாள். முழுசாக அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் சினேகா பலராமனுக்குச் சாதம் பிசைந்து கொடுப்பதும், இன்னும் ரெண்டு வாய் ஐயா என்று கெஞ்சுவதும் கேட்டது.

“வேணாம் தம்பி” என்றாள் ஆர்த்தி. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். “அன்னிக்கு அப்பாக்காக ஓடினேன், அதுக்கு நான் வெக்கப்படல. கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அதுதான் ராத்திரி தூங்க விடல. மறுபடியும் ஒண்ணப் போட்டுட்டு அந்த லைசென்ஸ வெச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“அப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள் உண்ணாமலை.

“பதில் குடுக்கலன்னா யார் பேரையும் கேக்க மாட்டாங்க. என் பேர மட்டும் எடுத்துடுவாங்க.”

பன்னிரண்டு இருபத்தாறு. செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்தில் வழக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாயிற்று. யார், எங்கே, எப்போது, ஏன் எல்லாம் தெரியும். அவற்றில் ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்கு ஐந்து காசுக்கு உதவவில்லை. உண்ணாமலை வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு கடிகாரத்தை நிறுத்தும் சக்தி தனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கோபி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

பன்னிரண்டரைக்குப் படிவம் தானாக மறைந்தது. கெடு முடிந்தது என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. ஆர்த்தி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மூடினாள்.

சினேகா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஐயா ஒழுங்கா சாப்ட்டாருக்கா. என்ன, கண்ணெல்லாம் செவந்திருக்கு?”

“ஒண்ணுல்ல. வேல முடிஞ்சிடுச்சு. கோட்டப் போட்டுக் காட்டு.”

சினேகா கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். தோள்பட்டை கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது. ஆர்த்தி எழுந்துபோய்க் காலரைச் சரிசெய்து, இரண்டு தோளையும் இழுத்துவிட்டாள்.

“அக்கா, புதன்கிழமை நீங்க வரணும். எங்க வீட்லேர்ந்து ஒரு வேன் நெறைய ஜனம் வருது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எங்கூட அமெரிக்கா வக்கீல் வந்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கட்டுமா?”

ஆர்த்தி கோட்டின் முதல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“வக்கீல்னு சொல்லாதடி” என்றாள். “அக்கா வந்திருக்காங்கன்னு சொல்லு.”